நிறுத்தினால் போதுமா, நீக்கத்தான் வேண்டுமா? அலுவலக சர்வரில் வேண்டாத சேவைகளை என்ன செய்வது

முப்பது, நாற்பது பேர் வேலை பார்க்கும் அலுவலகங்களில் பொதுவாக இரண்டு சர்வர்கள் இருக்கும். ஒன்றில் விண்டோஸ்: டொமைன் லாகின், டேலி, பில் பிரிண்ட். இன்னொன்றில் டெபியன் அல்லது உபுண்டு: ஃபைல் பகிர்வு, பேக்கப், அலுவலகத்துக்குள் மட்டும் ஓடும் ஏதாவது ஒரு வெப் அப்ளிகேஷன். நாலைந்து வருடம் கழித்து உள்ளே எட்டிப் பார்த்தால் இவை மட்டுமா இருக்கின்றன? பிரிண்டரே இல்லாத மெஷினில் பிரிண்ட் சேவை ஓடும். யாரோ சோதனைக்குப் போட்ட எக்ஸாம்ப் (வெப் சர்வரும் டேட்டாபேஸும் சேர்ந்த தொகுப்பு) அப்படியே கிடக்கும். மென்பொருள் விற்றவர் ‘சப்போர்ட்டுக்கு’ என்று நிறுவிவிட்டுப் போன ரிமோட் டெஸ்க்டாப், ஒவ்வொரு ரீபூட்டிலும் தானாக எழுந்துகொள்ளும். பலவும் முழு நிர்வாகி உரிமையோடு ஓடுபவை. பேட்ச் (ஓட்டையை அடைக்கும் அப்டேட்) போட யாருக்கும் நினைவு வராதவை.

இவற்றைக் கையாள நான்கு வழிகள் உண்டு. போர்ட்டை (சேவை இணைப்புகளை ஏற்கும் எண்ணிட்ட வாசல்) ஃபயர்வாலில் அடைப்பது, சேவையை நிறுத்தி வைப்பது, மென்பொருளையே நீக்குவது, சர்வரைக் குறைந்தபட்ச நிறுவலோடு புதிதாகக் கட்டுவது. எங்கள் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் சேவையை நிறுத்தி, ஒரு முழு மாதக் கணக்குச் சுற்று முடியும்வரை பொறுத்திருந்து, அப்புறம் நீக்குங்கள். ஆதரவுக் காலம் முடியப்போகிற சர்வர் என்றால் ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டிருக்க வேண்டாம், புதிதாகக் கட்டிவிடுங்கள். ஃபயர்வால் இரண்டிலும் இருக்கட்டும், ஆனால் அதை நம்பி மற்றதை விட்டுவிடக் கூடாது. நீக்கவே கூடாத சில இடங்களும் உண்டு, அவற்றையும் பார்ப்போம்.

என்ன ஓடுகிறது என்ற பட்டியல்

லினக்ஸில் திறந்த போர்ட்டுகளைப் பட்டியலிடும் ‘எஸ்எஸ்’ கட்டளையை ‘டியுஎல்பிஎன்’ என்ற ஐந்து எழுத்துகளோடு, சூடோ (நிர்வாகி உரிமை தரும் கட்டளை) போட்டு ஓட்டுங்கள். சூடோ இல்லாவிட்டால் எந்த ப்ராசஸ் (ஓடும் நிரல்) என்ற கடைசிப் பத்தி காலியாக வரும். பாதிப் பேர் இங்கேயே குழம்பிவிடுகிறார்கள். வரும் வரிகளில் முதலில் பார்க்க வேண்டியது முகவரி. 127.0.0.1:25 என்று இருந்தால் அந்த மெஷினே தன்னோடு பேசிக்கொள்கிறது, வெளியிலிருந்து தொட முடியாது. 0.0.0.0:111 என்றால் எல்லா ஐபிவி4 முகவரிகளிலும் திறந்திருக்கிறது. சதுர அடைப்புக்குறிக்குள் இரட்டைப் புள்ளிகள் தெரிந்தால் அது புதிய வகை முகவரியான ஐபிவி6. 111-வது போர்ட்டின் வரியில் ஆர்பிசிபைண்டோடு (என்எஃப்எஸ் என்ற ஃபைல் பகிர்வு முறையின் துணைச் சேவை) ப்ராசஸ் எண் 1 ஆக சிஸ்டம்டியும் (லினக்ஸில் சேவைகளை எழுப்பி நிறுத்தும் நிரல்) சேர்ந்து நிற்கும். சிஸ்டம்டி பெயர் தெரிந்தாலே, அந்தப் போர்ட்டை ஒரு சாக்கெட் யூனிட் (இணைப்பு வந்ததும் சேவையை எழுப்பும் சிஸ்டம்டி அமைப்பு) பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். சேவையை மட்டும் நிறுத்தினால் போதாது என்பதற்கு இதுவே முதல் அடையாளம்.

விண்டோஸில் நிர்வாகி உரிமையோடு திறந்த கமாண்ட் ப்ராம்ப்ட்டில் இதே பட்டியலைத் தரும் நெட்ஸ்டாட்டை ‘ஏபிஎன்ஓ’ எழுத்துகளோடு ஓட்டினால் போதும். பிறகு இன்னொரு மெஷினிலிருந்து என்மேப் (திறந்த போர்ட்டுகளைத் தேடும் கருவி) கொண்டு 65535 டிசிபி போர்ட்டுகளையும் தட்டிப் பாருங்கள். இன்னொரு வகைப் போர்ட்டான யுடிபியை முழுதாகத் தட்டினால் மணிக்கணக்கில் ஆகும். 53, 111, 123, 137, 161, 631, 5353 ஆகியவை மட்டும் போதும். உள்ளே எடுத்த பட்டியலில் இருக்கும், ஆனால் வெளியே எடுத்ததில் இல்லாதவை, ஃபயர்வால் மறைத்து வைத்திருப்பவையும் அந்த மெஷினுக்குள் மட்டும் கேட்பவையும்.

போர்ட், ப்ராசஸ், எந்த பேக்கேஜிலிருந்து (மென்பொருள் தொகுப்பு) வந்தது, யார் பயன்படுத்துகிறார்கள், யார் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதுங்கள். பொறுப்பாளர் பத்தி காலியாக நிற்கும் வரிகளைத்தான் மேலே சொன்ன நான்கு வழிகளில் ஒன்றுக்கு அனுப்ப வேண்டும்.

ஃபயர்வால்: மலிவு, ஆனால் பாதி வேலை

ஐந்து நிமிட வேலை, உடனே திரும்பப் பெறலாம், மெஷினுக்குள் எதுவும் உடையாது. அதனால்தான் எல்லோரும் இதிலேயே நின்றுவிடுகிறார்கள். ‘ரவுட்டர் இருக்கிறதே, வெளியிலிருந்து யாரும் வர முடியாது’ என்ற பேச்சும் இதன் நீட்சிதான். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் 2017 மே 12 அன்று பரவியபோது, ஒரு மெஷினுக்குள் நுழைந்ததும் அதே நெட்வொர்க்கில் 445-வது போர்ட் திறந்திருந்த மற்ற மெஷின்களைத் தானே தேடிப் போனது. மைக்ரோசாஃப்ட் அதற்கான பேட்ச்சை மார்ச் 14-ஆம் தேதியே கொடுத்திருந்தது என்பது வேறு கதை. ஓட்டை இருந்தது விண்டோஸின் ஃபைல் பகிர்வு முறையான எஸ்எம்பியின் முதல் பதிப்பில். பழைய முதல் பதிப்பும் இப்போதைய மூன்றாம் பதிப்பும் அதே 445-ல்தான் ஓடுகின்றன. ஃபைல் பகிர்வு வேண்டும் என்றால் 445 திறந்துதான் இருக்க வேண்டும். போர்ட்டை மட்டும் பார்க்கும் ஃபயர்வாலால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. முதல் பதிப்பை அந்த சர்வரிலேயே அணைப்பதும் நீக்குவதும்தான் வழி.

இன்னும் மூன்று சறுக்கல்கள். டெபியனில் நிறுவியவுடன் ஃபயர்வால் விதி எதுவும் இருக்காது. உபுண்டுவில் யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் இருக்கும், ஆனால் அணைந்திருக்கும். ராக்கி, அல்மா போன்ற ரெட்ஹேட் வழியினவற்றில் ஃபயர்வால்டி ஆரம்பத்திலேயே ஓடும். ஒன்றில் பழகியவர் இன்னொன்றிலும் அப்படித்தான் என்று நினைத்துவிடுவது வழக்கம். இரண்டாவது, பழைய ஐபிடேபிள்ஸ் (லினக்ஸ் ஃபயர்வால் கருவி) ஸ்கிரிப்டுகள் ஐபிவி4-ஐ மட்டும் காக்கும். ஐபிவி6 பக்கம் அப்படியே திறந்து கிடக்கும். மூன்றாவது, மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனி உறைக்குள் ஓட்டும் டாக்கர். அது தன் விதிகளைத் தானே எழுதிக்கொள்வதால், கன்டெய்னரிலிருந்து வெளியே விட்ட போர்ட்டுக்கு வரும் பாக்கெட் யுஎஃப்டபிள்யூ காவல் காக்கும் இன்புட் பாதையில் போகாமல் ஃபார்வேர்டு பாதையில் போய்விடும். 8080-ஐ மூடியதாக யுஎஃப்டபிள்யூ சொல்லும், என்மேப் திறந்திருப்பதாகக் காட்டும். போர்ட்டை வெளியிடும்போது 127.0.0.1:8080 என்று முகவரியோடு கொடுத்தால் இது தீரும்.

ஆனாலும் ஃபயர்வாலுக்கு ஒரு அருமையான பயன் உண்டு. அதை யாரும் அதிகம் பயன்படுத்துவதில்லை. சந்தேகமான போர்ட்டை அடைக்காமல், அதற்கு வரும் புதிய இணைப்புகளை லாகில் எழுதச் சொல்லுங்கள். லினக்ஸின் இப்போதைய ஃபயர்வாலான என்எஃப்டேபிள்ஸில் ஒரே ஒரு விதி. ஒரு மாதம் கழித்து எந்தெந்த ஐபி அந்தச் சேவையைத் தேடி வந்தது என்பது லாகிலேயே இருக்கும். ‘அது ஏதோ முக்கியமானது, தொடாதீர்கள்’ என்று சொல்பவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல சான்று கிடையாது. எஸ்எம்பி முதல் பதிப்புக்கு விண்டோஸிலேயே இதற்கென்று ஒரு தணிக்கை அமைப்பு இருக்கிறது. பவர்ஷெல்லில் எஸ்எம்பி சர்வர் அமைப்பில் அதை இயக்கினால், பழைய பதிப்பில் வரும் ஒவ்வொரு மெஷினும் 3000 என்ற நிகழ்வு எண்ணோடு பதிவாகும். பெரும்பாலும் அதில் சிக்குவது, ஸ்கேன் செய்ததை ஷேர் ஃபோல்டரில் போடும் பழைய ஜெராக்ஸ் மெஷின். ஃபர்ம்வேர் அப்டேட் இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் ஸ்கேனை மெயிலுக்கு அனுப்பும்படி மாற்றுங்கள். அந்த ஒரு மெஷினுக்காக சர்வரில் எஃப்டிபி சேவையைத் திறந்தால் ஒன்றை மூடி இன்னொன்றைத் திறந்ததாகிவிடும்.

நிறுத்தி வைப்பது: சோதனைக் காலம்

லினக்ஸில் நிறுத்துவதற்கு மூன்று படிகள். ஸ்டாப் என்றால் இப்போதைக்கு நிற்கும், ரீபூட்டில் திரும்ப வரும். டிசேபிள் என்றால் பூட் ஆகும்போது தானாக எழாது, ஆனால் வேறொரு சேவை கேட்டால் எழும். மாஸ்க் என்றால் யார் கேட்டாலும் எழாது. கப்ஸ் பிரிண்ட் சேவையை ஸ்டாப் செய்து பாருங்கள்: ‘கப்ஸ் சாக்கெட், கப்ஸ் பாத் ஆகியவற்றால் இது இன்னும் எழுப்பப்படலாம்’ என்ற எச்சரிக்கையை சிஸ்டம்டியே காட்டும். அதைப் படிக்காமல் போனால் சேவை மறுபடி எழுந்திருக்கும். சேவை, சாக்கெட், பாத் மூன்றையும் சேர்த்து நிறுத்த வேண்டும். கப்ஸோடு வரும் ‘கப்ஸ் பிரவுஸ்டு’ என்ற துணைச் சேவையையும் மறக்க வேண்டாம். 2024 செப்டம்பரில் வெளியான ஓட்டையில், யுடிபி 631-ல் எல்லா முகவரிகளிலும் கேட்டுக்கொண்டிருந்தது அதுதான். போலி பிரிண்டர் ஒன்றை அறிமுகப்படுத்தி, யாராவது அதற்கு பிரிண்ட் கொடுத்ததும் தன் கட்டளையை ஓட்டவைக்க அது வழிவிட்டது. பிரிண்ட் தேவையில்லாத சர்வரில் அது ஓடுவதற்குக் காரணமே இல்லை.

விண்டோஸில் சேவையை ‘மேனுவல்’ ஆக்கிவிட்டு நிறுத்தியதாக நினைக்க வேண்டாம். வேறொன்று கேட்டால் அது ஓடத் தொடங்கும். ‘டிசேபிள்டு’ ஆக்கினால்தான் கணக்கு. இங்கே முதல் இலக்கு, பிரிண்ட் வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் பிரிண்ட் ஸ்பூலர். 2021-ல் அதில் வெளிப்பட்ட பிரிண்ட்நைட்மேர் ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான மாதாந்தர நாளுக்குக் காத்திராமல் ஜூலை 6 அன்றே பேட்ச் விட வேண்டியிருந்தது. டொமைன் கன்ட்ரோலரில் (அலுவலக லாகின்களைச் சரிபார்க்கும் சர்வர்) ஸ்பூலரை நிறுத்துவதால் இழப்பது ஒன்றுதான்: டைரக்டரியில் பட்டியலிட்ட பழைய பிரிண்டர்களைத் தானாகத் துடைக்கும் வேலை. முப்பது பேர் அலுவலகத்தில் அதை யாரும் கவனிக்கப்போவதில்லை. ஆனால் பயனர்கள் ரிமோட் டெஸ்க்டாப்பில் வந்து பில் அடிக்கும் சர்வரில் ஸ்பூலர் நின்றால் அன்றைக்கு வியாபாரம் நிற்கும். அங்கே ஸ்பூலரை ஓடவிட்டு, வெளி மெஷின்களின் பிரிண்ட் இணைப்புகளை அது ஏற்கக் கூடாது என்ற குரூப் பாலிசியை மட்டும் போட்டு, ஸ்பூலரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அந்த மெஷினிலிருந்து அடிப்பது நடக்கும். வெளியிலிருந்து வருவது நிற்கும்.

நிறுத்தி வைப்பதன் பலம், ஒரே கட்டளையில் திரும்பக் கொண்டுவரலாம் என்பது. பலவீனமும் அதுதான். அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி 2008 ஜூலையில் வெளியிட்ட சர்வர் பாதுகாப்பு வழிகாட்டி, செயலிழக்கச் செய்வதைவிட நீக்குவதே மேல் என்று காரணத்தோடு சொல்கிறது: அமைப்புகளை மாற்றித் தாக்குபவரால் இல்லாத ஒன்றை எழுப்ப முடியாது, மனிதத் தவறால் மறுபடி இயங்கிவிடும் வாய்ப்பும் இல்லை. அதோடு, நிறுத்தி வைத்த மென்பொருளுக்கும் பேட்ச் போட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும். ஓட்டைகளைத் தேடும் பாதுகாப்பு ஸ்கேனரின் அறிக்கையில் அது சிவப்பில் வந்துகொண்டே இருக்கும்.

எவ்வளவு நாள் காத்திருப்பது என்பதில்தான் பெரும்பாலான திட்டங்கள் தவறுகின்றன. ஒரு வாரம் எந்தப் புகாரும் இல்லை என்றால் யாருக்கும் வேண்டாம் என்று பொருளல்ல. மாதத்துக்கு ஒருமுறை ஓடும் வேலை இன்னும் வரவில்லை, அவ்வளவே. மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் அலுவலகத்தில் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி, மாதக்கடைசியில் சம்பளம். எனவே 21 முதல் 25-க்குள் நிறுத்தி, அடுத்த மாதம் 25 வரை பொறுங்கள். இடையில் ஒருமுறையாவது சர்வரை ரீபூட் செய்து, போர்ட் பட்டியலை மறுபடி எடுங்கள். காலாண்டு டிடிஎஸ் வேலைக்கு மட்டும் பயன்படும் எதையாவது நிறுத்தினால் அந்தக் காலாண்டு முடியும்வரை நீக்க வேண்டாம். மார்ச், ஏப்ரலில் இந்த வேலையையே தொடாதீர்கள்.

டேலி இருக்கும் நெட்வொர்க்கில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அதன் லைசென்ஸ் சேவை வழக்கமாக 9999-ல் கேட்கும். பெயர் தெரியாத போர்ட் என்று அதை மூடிவிட்டால் மற்ற மெஷின்களில் டேலி லைசென்ஸ் கிடைக்காமல் எஜுகேஷனல் மோடுக்கு (லைசென்ஸ் இல்லாத பயிற்சி முறை) போய் நிற்கும். கணக்குப் பிரிவிலிருந்து முதல் போன் வரும்.

நீக்குவது: எங்கே சரி, எங்கே தவறு

டெபியன், உபுண்டுவில் முதலில் ஏபிடியின் (பேக்கேஜ்களை நிறுவி நீக்கும் கருவி) சிமுலேட் முறையில், அதாவது எதையும் மாற்றாமல் ஒத்திகையாக, ஓட்டிப் பாருங்கள். எது எது சேர்ந்து போகும் என்று பட்டியல் வரும். இதைச் செய்யாமல் நீக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஆர்பிசிபைண்ட் நல்ல உதாரணம். 111-வது போர்ட் திறந்திருக்கிறதே என்று அதை நீக்கினால், அதைச் சார்ந்திருக்கும் என்எஃப்எஸ் காமன் பேக்கேஜும் கூடவே போகும். பேக்கப் போகும் நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் இருக்கும் டிஸ்க்) என்எஃப்எஸ் வழியாக மவுன்ட் ஆகியிருந்தால் (சர்வரில் ஒரு ஃபோல்டராக இணைந்திருந்தால்), அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஏற்கெனவே மவுன்ட் ஆனது ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த ரீபூட்டில் மவுன்ட் ஆகாது. பேக்கப் ஸ்கிரிப்டோ அதே ஃபோல்டரில் எழுதிக்கொண்டே போகும். ஆனால் அது இப்போது சர்வரின் சொந்த டிஸ்க். சில நாளில் ரூட் பார்ட்டிஷன் நிறைந்து சர்வரே முடங்கும், நாஸில் பேக்கப்பும் இருக்காது. என்எஃப்எஸ் நான்காம் பதிப்புக்கு ஆர்பிசிபைண்ட் தேவையில்லை. எனவே இங்கே நீக்கக் கூடாது, ஆர்பிசிபைண்டின் சேவையையும் சாக்கெட்டையும் மாஸ்க் செய்வதே சரி. பேக்கப் ஸ்கிரிப்டின் தொடக்கத்தில், நாஸ் இணைந்திருக்கிறதா என்று பார்க்கும் ‘மவுன்ட்பாயின்ட்’ சோதனை ஒன்றையும் சேர்த்துவிடுங்கள்.

எக்சிம் மெயில் சேவையும் இப்படித்தான். டெபியனில் இயல்பாக 127.0.0.1-ல் மட்டும் கேட்கும், வெளியிலிருந்து தொட முடியாது. வேண்டாத மென்பொருள் என்று நீக்கினால், ரெய்டில் (பல டிஸ்குகளைச் சேர்த்த அமைப்பு) ஒரு டிஸ்க் செத்துப்போனதைச் சொல்லும் மெயிலும் கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் சேவை) பிழை மெயில்களும் போய்ச் சேர வழி இல்லாமல் போகும். அப்படி ஒரு மெயில் வரும்படி அமைத்திருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி அவாஹி (நெட்வொர்க்கில் சாதனங்களைத் தேடும் சேவை), கப்ஸ், பயன்படாத வெப் சர்வர், டேட்டாபேஸ் எல்லாம் தாராளமாகப் போகலாம். ‘ரிமூவ்’ செய்தால் கான்ஃபிக் ஃபைல்கள் தங்கும், நாளை யாராவது அதே பேக்கேஜை நிறுவினால் பழைய அமைப்போடு உயிர்பெறும். ‘பர்ஜ்’ செய்வதே மேல். மரியாடிபி, போஸ்ட்கிரெஸ் போன்றவற்றைப் பர்ஜ் செய்யும்போது மட்டும் டேட்டாவையும் அழிக்கவா என்று ஒரு கேள்வி வரும். அதற்கு முன் ஒரு டம்ப் (டேட்டாவின் முழு நகல்) எடுத்து வேறு மெஷினில் வைத்திருக்க வேண்டும். எக்ஸாம்ப், விற்பனையாளர் நிறுவியவை போன்றவை ஏபிடிக்குத் தெரியவே தெரியாது. அவற்றின் அன்இன்ஸ்டால் ஸ்கிரிப்டை ஓட்டிய பிறகும் அவை உருவாக்கிய பயனர் கணக்கு, கிரான் வரி, சிஸ்டம்டி யூனிட் மிச்சம் இருக்கிறதா என்று கையால் தேட வேண்டும்.

விண்டோஸில் அன்இன்ஸ்டால் விண்டோஸ்ஃபீச்சர் கட்டளையோடு ‘ரிமூவ்’ சேர்த்தால் அந்த அம்சத்தின் ஃபைல்களே டிஸ்கிலிருந்து போய்விடும். திரும்ப வேண்டுமென்றால் நிறுவல் மீடியா தேவைப்படலாம். எஸ்எம்பி முதல் பதிப்புக்கு இதைத் தயங்காமல் செய்யலாம். 2016 சர்வரில் அது இயல்பாக இருக்கும். 2019 முதல் இயல்பாக வருவதில்லை.

புதிதாகக் கட்டுவது

நீக்கி நீக்கி எவ்வளவு சுத்தம் செய்தாலும், ஐந்து வருடம் ஓடிய சர்வரில் என்ன மிச்சம் இருக்கிறது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. புதிதாகக் கட்டினால் சொல்ல முடியும். ஆனால் ஒரு வாரக்கடைசி முழுக்க வேண்டும், இடமாற்றத்தில் மறதி வரும். எனவே எப்படியும் மாற்றியே ஆக வேண்டிய நேரத்தில் செய்வதுதான் லாபம். விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-வின் ஆதரவு 2023 அக்டோபர் 10-லும், சென்டோஸ் 7-இன் ஆதரவு 2024 ஜூன் 30-லும் முடிந்துவிட்டன. விண்டோஸ் சர்வர் 2016-க்கு 2027 ஜனவரி 12 கடைசி நாள்.

டெபியன் நிறுவலில் மென்பொருள் தேர்வுத் திரை வரும்போது டெஸ்க்டாப் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு எஸ்எஸ்எச் சர்வரையும் (தொலைவிலிருந்து லாகின் செய்ய உதவுவது) அடிப்படைக் கருவிகளையும் மட்டும் வைக்கவும். உபுண்டுவில் ‘மினிமைஸ்டு’ என்று ஒரு தேர்வு இருக்கும், பெயரைப் பார்த்ததும் கை அங்கே போகும். மனிதர்கள் லாகின் செய்யாத இடங்களுக்கானது அது என்று அந்தத் திரையிலேயே எழுதியிருக்கிறது. இரவு பதினொரு மணிக்குப் பிரச்சினை வந்து உள்ளே போனால் வழக்கமான கருவிகள் பல இருக்காது. வழக்கமான சர்வர் நிறுவலே போதும்.

லினக்ஸில் விண்டோஸ் ஃபைல் பகிர்வைத் தரும் சாம்பாவைப் புதிய சர்வருக்கு மாற்றும்போது கான்ஃபிக் ஃபைலை மட்டும் நகலெடுத்தால் ஒருவராலும் லாகின் செய்ய முடியாது. சாம்பா பயனர்களின் பாஸ்வேர்டுகள் தனி டேட்டாபேஸில் இருக்கின்றன. ஃபைல்களை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியில் நகர்த்தும்போது ஏசிஎல் (யார் எதைத் திறக்கலாம் என்ற பட்டியல்), நீட்டிப்புப் பண்புகளுக்கான விருப்பங்களையும் சேர்க்க வேண்டும். பயனர், குழு எண்களும் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய டிஸ்கை அழிக்கும் முன் லாகுகளை எடுத்து வையுங்கள். 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட சர்ட்-இன் (இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவு, இந்தியாவில் நிறுவனங்கள் 180 நாள் லாக் வைத்திருக்க வேண்டும் என்கிறது.

விண்டோஸில் சர்வர் கோரா (டெஸ்க்டாப் திரை இல்லாத வடிவம்), டெஸ்க்டாப் வடிவமா என்பதை நிறுவும்போதே முடிவு செய்ய வேண்டும். 2012 ஆர்2-வில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாம். 2016 முதல் அது முடியாது. கோர் வடிவத்தில் டொமைன், டிஎன்எஸ், டிஎச்சிபி, ஃபைல் பகிர்வு நன்றாக ஓடும். ரிமோட் டெஸ்க்டாப் செஷன் ஹோஸ்ட் ஓடாது, டேலி போன்ற திரை கேட்கும் மென்பொருளும் ஓடாது. எனவே ஒரே நிறுவலில் எல்லாவற்றையும் திணிப்பதைவிட, ஹைப்பர்-வி (ஒரே மெஷினுக்குள் பல மெஷின்களை ஓட்டும் விண்டோஸ் அம்சம்) போட்டு இரண்டு விர்ச்சுவல் மெஷின்களாகப் பிரிப்பது நல்லது: டொமைன் கன்ட்ரோலர் கோரில், கணக்கு மென்பொருள் டெஸ்க்டாப் வடிவத்தில். ஹோஸ்ட் நிறுவலில் விர்ச்சுவல் மெஷின்களைப் பார்த்துக்கொள்வதைத் தவிர வேறு வேலை கொடுக்காதவரை, ப்ராசஸரின் எல்லாக் கோர்களுக்கும் வாங்கிய ஒரு ஸ்டாண்டர்டு லைசென்ஸ் இரண்டு விர்ச்சுவல் மெஷின்களுக்கு இடம் கொடுக்கிறது. கூடுதலாகச் செலவாவது பெரும்பாலும் ராம்தான்.

குறைத்தபின் மிஞ்சுவதற்கும் பேட்ச் வேண்டும். 2024 ஜூலை 1 அன்று ஓட்டை வெளியானது, யாருமே நீக்க நினைக்காத ஓபன்எஸ்எஸ்எச்சில். பட்டியல் சிறியதாக இருந்தால் அப்படி ஒரு செய்தி வந்த நாளில் எந்த சர்வரில் என்ன செய்ய வேண்டும் என்று உடனே தெரியும்.

அந்தப் பட்டியல் மறுபடி வளராமல் இருக்க ஒரு சின்ன ஏற்பாடு போதும். வேலை முடிந்த அன்று எடுத்த போர்ட் பட்டியலை ஒரு ஃபைலில் வையுங்கள். தினமும் காலையில் கிரான் மறுபடி எடுத்து, பழையதோடு ஒப்பிடும் டிஃப் போட்டு, மாற்றம் இருந்தால் மட்டும் மெயில் அனுப்பட்டும். ஒப்பிடும் முன் ப்ராசஸ் எண்ணை வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் மெயில் வந்து, இரண்டாவது வாரத்தில் யாரும் அதைத் திறக்க மாட்டார்கள்.